அட்டையில் பேசியது யார்

அந்த அட்டை என் உள்ளங்கையில் பாதிதான் இருக்கும். நான்கு ஓரத்திலும் ரோஜாப்பூ, நடுவில் ஒரு வசனம், அதன் கீழே அதிகாரமும் எண்ணும். அவ்வளவுதான். இந்தத் துண்டு அட்டை என் அக்காவை ஆறு வாரம் சாப்பிடவிடாமல், தூங்கவிடாமல் வைத்திருந்தது. நினைத்தால் இன்றைக்கும் உடம்பு எரிகிறது. சபையில் வேறு யாருக்கும் எரிந்ததாகத் தெரியவில்லை. நான் வாய் திறந்து பேசுகிற ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் சபை மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. கீழே டயர் கடை. முன்பு பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பலகைக் கட்டடத்தில் இருந்தது. தோட்டம் எண்ணெய் எடுக்கிற செம்பனைக்கு மாறி, ஆட்கள் எல்லாரும் டவுனுக்கு வந்த பிறகு சபையும் எங்கள் பின்னாலேயே வந்துவிட்டது. கல்லறைத் தோட்டம் மட்டும் அங்கேயே, செம்பனைகளுக்கு நடுவில் கிடக்கிறது. அங்கே யாருக்காவது கல் வைக்கவேண்டுமென்றால் சபைக் கமிட்டி கடிதம் தரவேண்டும். கடிதம் இல்லாமல் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது.

வருடப் பிறப்பன்று காலை ஆராதனை முடிந்ததும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் அட்டைகளைப் போட்டுக் கொண்டுவருவார்கள். வாக்குத்தத்த அட்டை என்று பெயர். ஆளுக்கு ஒன்று, பார்க்காமல் எடுக்கவேண்டும். கையில் வருவது எதுவோ அதுதான் அந்த வருடத்துக்குக் கடவுள் நமக்கென்று தனியாகச் சொன்னது. சின்ன வயதிலிருந்து இப்படித்தான் நம்பி வந்திருக்கிறோம். நானும் நம்பினவன்தான். கிடங்கில் நான் ஓட்டுகிற ஃபோர்க்லிப்ட்டில், ஸ்டீயரிங்குக்கு மேலே, நான்கைந்து வருடத்து அட்டைகளை ஒட்டி வைத்திருந்தேன். எனக்கு வந்தது பிடிக்கவில்லையென்றால் கூட்டத்தோடு கூட்டமாகத் திரும்பப் போய் இன்னொன்று எடுத்ததும் உண்டு.

போன வருடப் பிறப்புக்கு அக்கா எடுத்த அட்டையில், தொடக்கம் சின்னதாக இருந்தாலும் முடிவு மிகவும் பெரிதாக இருக்கும் என்கிற அர்த்தத்தில் ஒரு வசனம் வந்தது. தமிழ் கிறிஸ்தவர்கள் இருக்கிற இடத்தில் இந்த வசனத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. சலூன் திறந்தால் இது. ஒர்க்‌ஷாப் திறந்தால் இது. புது வீட்டு வாசலில் பித்தளைத் தகட்டில் இது. அக்காவுக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அடேங்கப்பா, பெரிய வசனம்லா! என்னாக்கா, இந்த வருஷம் பங்களா வாங்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா, வெங்காயம் உரிச்சே வாங்கிருவேன்" என்றாள் அக்கா. அக்காவுக்கு மாமாக் கடை என்று நாங்கள் சொல்கிற இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் வேலை. மகள் செத்து இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது.

அக்காவுக்கு ஒரே மகள். அத்தான் முன்பே போய்விட்டார். மகள் தஞ்சோங் மாலிம் பக்கம் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்தாள். கூட வேலை செய்த ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை இந்து. அமைதியான ஆள், அக்காவை வாய் நிறைய அம்மா என்று கூப்பிடுவார். சபையில் வைத்து மோதிரம் மாற்றவில்லை, போதகர் ஜெபம் பண்ணவில்லை. அது ஒரு குறை என்று அக்காவுக்கும் இருந்தது. ஆனால் மகளை வீட்டுக்கு வராதே என்று சொல்லவில்லை. கல்யாணமாகி ஏழாவது மாதம் அவளுக்குக் கொசு கடித்து டிங்கி காய்ச்சல் வந்தது. ஐந்தே நாள். வயது இருபத்தேழு.

அடக்கத்துக்கு முன்னால், அக்கா இருக்கிற முதல் மாடி ஃப்ளாட்டின் கீழே போட்டிருந்த கூடாரத்தில், தேநீர் மேசைக்குப் பக்கத்தில் நின்று எங்கள் சபைச் செயலாளர் பேசிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சபையில் எல்லாரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். மைக் அவரிடம்தான் இருக்கும், சாவி அவரிடம்தான் இருக்கும். அன்றைக்கு அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

"சொன்னா கேக்கணும்லா. கேக்கலன்னா கர்த்தர் எப்படி அடிப்பாருன்னு இதான் சாட்சி."

நான் அப்போது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கையில் இருந்ததை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. இதை எழுதும்போது செயலாளர்மேல் வருகிற கோபத்தில் சரிபாதி என்மேல்தான் வருகிறது.

அட்டை எடுத்தபின் அக்கா என்ன செய்தாள் என்று எனக்கு ஜனவரி கடைசியில்தான் தெரிந்தது. ஒரு சனிக்கிழமை, வேலை முடிந்து, வறுத்த நூடுல்ஸான மீ கோரெங்கைத் தாப்பாவ் பண்ணி, பொட்டலமாக எடுத்துக்கொண்டு அவள் ஃப்ளாட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. அக்கா அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு வாசித்துப் பழகிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, ஒவ்வொரு வரியாக.

"என்னாக்கா இது?"

"அடுத்த மாசம் மூணாவது ஞாயித்துக்கிழம சபையில வாசிக்கணும். வாசிச்சாதான் கல்லு வைக்க லெட்டர் தருவாங்களாம்."

தாளை வாங்கிப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் அடித்திருந்தது. என் மகள் கீழ்ப்படியாமல் போனாள், நான் கண்டிக்காமல் விட்டேன், அதற்கான தண்டனையைக் கர்த்தர் எங்களுக்குக் கொடுத்தார், அது நியாயம் என்று ஏற்றுக்கொள்கிறேன், சபையார் எங்கள் இரண்டு பேரையும் மன்னிக்கவேண்டும். கீழே அக்காவின் பெயர், கையெழுத்துப் போட ஒரு கோடு.

"இத எழுதுனது யாரு?"

"செயலாளர் அண்ணன். எனக்கு அவ்வளவு அழகா எழுத வருமா?"

"கல்லுக்காகவா ஒத்துக்கிட்ட?"

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். "கல்லுக்காக மட்டும்னா போங்கடான்னு சொல்லியிருப்பேன். மரச் சிலுவையே போதும். கடவுளே சொல்லிட்டாருடா. அதுக்கு அப்புறம் நான் என்னத்தப் பேசுறது?"

அவள் ஒவ்வொரு வருடமும் அட்டையில் வந்த வசனத்தை வேதாகமத்தில் தேடிப் பிடித்து, பென்சிலால் கீழே கோடு போட்டு வைப்பாள். இந்தத் தடவையும் அப்படித்தான் தேடியிருக்கிறாள். பக்கத்தைக் கண்டுபிடித்து, ஸ்கேலை வைத்து, கோடு போடப் போகும்போது கண் மேலே போயிருக்கிறது. மூன்று வசனம் மேலே, உன் பிள்ளைகள் கடவுளுக்கு விரோதமாகப் பாவம் செய்ததால் அந்தப் பாவத்துக்கே அவர்களை ஒப்புக்கொடுத்துவிட்டார் என்கிற மாதிரி ஒரு வரி இருந்தது.

அக்கா எனக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினாள். பென்சில் கோடு பாதியிலேயே நின்றிருந்தது.

ஒரு தாய் இதை எப்படி எடுத்துக்கொள்வாள்? இந்த வசனத்தை அவள் கையில் எடுத்துக் கொடுத்தது கடவுள். அப்படியானால் அதற்கு மேலே இருக்கிற வரியும் அவர் அவளுக்குச் சொன்னதுதான். நம் பழைய மொழிபெயர்ப்பில் பேச்சுக்கு மேற்கோள் குறி கிடையாது. பேச ஆரம்பித்தால் பக்கம் பக்கமாக ஓடும். நடுவில் திறந்து பார்த்தால் பேசுவது கடவுளா மனிதனா என்று என்னைப் போலவும் அக்காவைப் போலவும் கொஞ்சமாகப் படித்தவர்களுக்குத் தெரியாது. அவள் செயலாளரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். இந்த வரி என் மகளைப் பற்றியதா அண்ணே என்று. அவர் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "வசனம் பொய் சொல்லுமாக்கா?" என்று கேட்டிருக்கிறார். அடுத்த வாரமே அந்தத் தாளை அடித்துக் கொடுத்துவிட்டார்.

மீ பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து என் மடிக்கணினியைத் திறந்தேன்.

அதைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவன். வேதபாடக் கூட்டத்தில் கை தூக்கிக் கேள்வி கேட்கிற தைரியம் எனக்கு என்றைக்கும் வந்ததில்லை. கேட்டால் சிரிப்பார்களோ என்று பயம். கிடங்கில் என் மேலதிகாரி ஒரு சீனர், அவரும் கிறிஸ்தவர். கம்பெனி கழித்துப்போட்ட ஒரு மடிக்கணினியை எனக்கு வாங்கிக் கொடுத்து, அதில் வேதத்தைப் படிக்கிற ஒரு மென்பொருளையும் ஏற்றிக் கொடுத்தார். தமிழ் வேதாகமமும் அதில் இருந்தது. "நீ யாரையும் கேக்கமாட்டே, இதையாவது கேளு" என்று மலாயில் சொன்னார். நான்கு வருடமாக ஒவ்வொரு ஞாயிறு மத்தியானமும் அதில்தான் என் கேள்விகளைக் கேட்டு வருகிறேன். அது சிரிப்பதில்லை.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு தேடல். இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்றில் பேசுகிறவர் பெயர், இன்னொன்றில் கேட்கிறவர் பெயர். ராஜாவையும் தீர்க்கதரிசியையும் கொடுத்தால், அந்த ராஜா அந்தத் தீர்க்கதரிசியிடம் பேசினது எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஒரு வசனத்தின்மேல் அம்புக்குறியை வைத்தால் இன்னார் இன்னாரிடம் சொன்னது என்று ஒரு சின்னப் பெட்டியில் காட்டும். கிடங்கில் எங்களுக்கு அதுதானே வேலை. ஒரு பெட்டி வந்தால் முதலில் அனுப்பியவர் யார், போகிற இடம் எது என்று பார்ப்போம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் லோரியில் ஏற்றமாட்டோம், ஓரமாக வைத்துவிடுவோம். உள்ளே தங்கமே இருந்தாலும் சரி. இந்த மென்பொருளைப் பார்த்தபோது வேதத்தையும் அப்படிப் பார்க்கலாமே என்று சந்தோஷப்பட்டவன் நான். ஆனால் ரோஜாப்பூ அட்டையைப் பார்த்து ஒரு நாளும் இதைக் கேட்கத் தோன்றவில்லை.

அன்றைக்குத்தான் கேட்டேன். அக்காவின் வசனத்தின்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தேன்.

பேசுகிறவர் கடவுள் இல்லை.

வேதாகமத்தில் அந்த வசனம் வருகிற புத்தகத்தின் கதை எனக்கு மேலோட்டமாகத் தெரியும். எல்லாம் உள்ள ஒரு நல்ல மனிதர். ஒரே நாளில் ஆடுமாடு போய், பத்துப் பிள்ளைகளும் வீடு இடிந்து செத்துப் போகிறார்கள். உடம்பெல்லாம் புண்ணாகி அவர் சாம்பலில் உட்கார்ந்திருக்கிறார். துக்கம் கேட்க மூன்று கூட்டாளிகள் வருகிறார்கள். அந்த மூன்று பேரில் ஒருவன்தான், பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பனின் முகத்துக்கு நேராக, உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள் என்று சொல்கிறான். சொல்லிவிட்டு, அதே மூச்சில், நீ ஒழுங்காக இருந்தால் உன் முடிவு பெரிதாக இருக்கும் என்கிறான். நாம் பித்தளைத் தகட்டில் அடித்து வாசலில் மாட்டியிருப்பது அந்த ஆளின் பேச்சு.

நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். திரும்ப வந்து முதலிலிருந்து பார்த்தேன். பேசுகிறவர் கட்டத்தில் கடவுளையும் கேட்கிறவர் கட்டத்தில் அந்தக் கூட்டாளிகளையும் போட்டேன். புத்தகத்தின் கடைசியில் ஒரே ஒரு இடம் வந்தது. என்னைப் பற்றி நீங்கள் பேசினது சரியில்லை என்று கடவுள் அவர்கள்மேல் கோபப்படுகிறார். போய்ப் பலி செலுத்துங்கள், நீங்கள் குற்றம் சொன்ன அந்த மனிதன் உங்களுக்காக ஜெபம் பண்ணுவான் என்கிறார். மன்னிப்புத் தேவைப்பட்டது வாய் பேசினவர்களுக்கு. எங்கள் சபையில் செத்தவளுடைய தாயை மன்னிப்புக் கேட்கச் சொல்லித் தாள் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த இடங்களைக் கிடங்கு அலுவலகத்தில் இரண்டு பக்கமாக அச்செடுத்துக்கொண்டு அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் கமிட்டிக் கூட்டத்துக்குப் போனேன். அங்கே நான் உறுப்பினர் இல்லை. வாசலிலேயே நின்றேன். போதகரும் வந்திருந்தார். அவருக்கு நான்கு ஊர்ச் சபைகள், எங்களிடம் மாதத்துக்கு இரண்டு முறை வருவார்.

"என்னா தம்பி, கையில என்னா? கல்யாணப் பத்திரிகையா?" என்றார் செயலாளர். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பது அவருக்குத் தெரியும். எல்லாரும் சிரித்தார்கள்.

"இல்லண்ணே. அக்கா விஷயமா." தாள்களை அவரிடம் கொடுத்தேன். அவர் தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர்ல எடுத்ததா?"

"ஆமாண்ணே. அந்த வசனம் கடவுள் பேசுனது இல்ல. அந்தக் கூட்டாளி பேசுனது. கடைசியில கடவுளே..."

"நில்லு, நில்லு. எத்தனாங் கிளாஸ் வரைக்கும் படிச்ச நீ?"

"ஆறு."

"ஆறு." அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "ஆறாங் கிளாசு வந்து எனக்கு வேதபாடம் எடுக்குதுலா. தம்பி, வேதத்துல இருக்குறது பூராவும் தேவ வார்த்த. இது அவரு சொன்னது, இது இவரு சொன்னதுன்னு பிரிச்சுப் பாக்க நீ யாரு?"

வீட்டில் நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தது எல்லாம் போய்விட்டது. ஒரே ஒரு வாக்கியம்தான் எப்படியோ வெளியே வந்தது.

"பிசாசு பேசுனதும் அதுல இருக்குண்ணே. அதையும் அட்டையில போடுவீங்களா?"

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். செயலாளர் மேசையைத் தட்டினார். "பாருங்க போதகரய்யா, எப்படிப் பேசுறான்னு! இதுக்குத்தான் கண்ட சாப்ட்வேர்லாம் வேணாங்குறது."

போதகர் தாள்களை வாங்கி இரண்டு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "தம்பி சொல்றது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். அது அந்தக் கூட்டாளி பேசுற இடம்தான். ஆனா அந்த வசனம் எத்தனையோ பேர ஆறுதல்படுத்தியிருக்கு. இப்பக் கிளப்புனா சபையில குழப்பம் வரும். வேற ஒண்ணும் இல்ல."

அவருக்குத் தெரிந்திருக்கிறது.

செயலாளர் செய்ததைவிட இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. செயலாளருக்குத் தெரியாது, தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசுகிற ஆள் அவர். போதகர் வேதத்தைப் படிப்பதற்கென்றே கல்லூரிக்குப் போனவர். அந்தப் புத்தகத்தை வரிவரியாகப் படித்திருப்பார். வருடா வருடம் அந்தக் கூடையின்மேல் கை வைத்து ஜெபம் பண்ணுகிறவரும் அவர்தான். புதுக் கடை திறக்கும்போதெல்லாம் அந்தத் தகட்டுக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொள்கிறவரும் அவர்தான். நான் நான்கு வருடமாக ஞாயிறு மத்தியானத்தில் ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பழகி, கடைசியில் கண்டுபிடித்ததை, அவர் ஒரு நாள் பிரசங்கத்தில் இரண்டு நிமிடம் நின்று சொல்லியிருக்கலாம். யாருடைய குழப்பத்துக்கு அவர் பயப்பட்டார்? என் அக்கா இத்தனை வாரமாகக் குழம்பிக் கிடந்தது அவர் கணக்கில் வரவில்லையா? இதையெல்லாம் அங்கேயே கேட்டேன் என்று எழுத ஆசைதான். கேட்கவில்லை. தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு படி இறங்கிவிட்டேன். டயர் கடைக்கு முன்னால் என் மோட்டார் சைக்கிள்கூட முதல் உதைக்குக் கிளம்பவில்லை.

மறுநாள் அக்காவுக்கு வேலை இல்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனேன். கூட்டாளி விஷயத்தையும் கடவுள் கோபப்பட்டதையும் சொன்னேன். அவள் உடனே நம்பவில்லை. நான் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாள்.

"சரி, அந்தக் கூட்டாளிய விடு. அந்த மனுசன்கிட்ட கடவுள் பேசுனாரா இல்லியா?"

"பேசுனாரு. கடைசியில."

"அதப் போடு. பிள்ளைங்களப் பத்தி என்னா சொன்னாருன்னு படி."

கேட்கிறவர் கட்டத்தில் அந்த மனிதரைப் போட்டேன். நான்கு அதிகாரம் வந்தது. ஒன்று விடாமல் வாசித்துக் காட்டினேன். புயலுக்குள்ளிருந்து கடவுள் பேசுகிறார். பூமிக்கு அஸ்திவாரம் போட்டது, கடலுக்குக் கதவு வைத்தது, ஆலங்கட்டி மழை, சிங்கம், காக்கைக் குஞ்சு, காட்டுக் கழுதை. அக்கா தரையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள். தீக்கோழி முட்டையை மணலில் போட்டுவிட்டுப் போகிற இடம் வந்தபோது கையை நீட்டி நிறுத்தினாள்.

"இரு. அவன் பத்துப் பிள்ளையப் பறிகுடுத்துட்டு ஒக்காந்திருக்கான். இவரு தீக்கோழியப் பத்திப் பேசுறாரா?"

"அப்படித்தான்க்கா இருக்கு."

"சரி, படி. வரும்."

வரவில்லை. குதிரை வந்தது, கழுகு வந்தது, தண்ணீரில் கிடக்கிற பெரிய மிருகங்கள் வந்தன. முடிந்துவிட்டது.

"பாவம்னு சொன்னாரா? அந்தப் பிள்ளைங்கள?"

"சொல்லல."

"தண்டனன்னு?"

"பிள்ளைங்களப் பத்தி ஒரு வார்த்தகூட இல்லக்கா."

"நல்லாப் பாத்துச் சொல்லுடா."

திரும்பவும் தேடினேன். வேறு மொழிபெயர்ப்பிலும் தேடினேன். இல்லை.

அக்கா மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பித் தானே ஒரு தடவை பார்த்தாள். பிறகு கோபமாகத்தான் பேசினாள். "ஒரு வார்த்த கேக்கக்கூடாதா? உம் பிள்ளைங்க போயிருச்சே, எப்படிடா இருக்கன்னு? அத்தன மிருகத்தையும் பத்தித் தெரியுது!" மூச்சு வாங்கினாள். "ஆனா அவரு சொல்லல. அதானே? பாவத்துக்குத்தான் செத்தாங்கன்னு அவரு சொல்லல."

"இல்லக்கா."

"சொன்னது அந்தக் கூட்டாளி."

"ஆமா."

"துக்கம் கேக்க வந்த எடத்துல சொன்னான்."

"ஆமாக்கா."

"நம்ம வீட்டுக்கும் ஒருத்தரு வந்தாருலா. டீ குடிச்சுக்கிட்டே."

எனக்குத் தலையில் தண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது. அவள் காதில் விழாது என்று இத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் சன்னல்கிட்டதான் நின்னேன்" என்றாள். "நீயும் அங்கதான் இருந்த. நாற்காலி தூக்கிக்கிட்டு."

நான் மடிக்கணினியை மூடினேன். மன்னித்துக்கொள் என்றுகூட எனக்குச் சொல்ல வரவில்லை. அக்கா எழுந்துபோய் இரண்டு பேருக்கும் மைலோ கலக்கிக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை வாசிக்கப் போகிறாளா இல்லையா என்று நான் கேட்கவில்லை. அவள் தாளைக் கிழித்துப் போடவில்லை என்பதை மட்டும் பார்த்தேன். அலமாரியின் மேலேயே இருந்தது.

அந்த மூன்றாவது ஞாயிறு சபை நிறைந்திருந்தது. விஷயம் முன்பே பரவியிருக்கவேண்டும். சும்மா வருகிற ஆட்கள்கூட வந்திருந்தார்கள். அன்றைக்குப் போதகர் வேறு ஊர்ச் சபைக்குப் போயிருந்தார். அதைத் தற்செயல் என்று நான் நம்பவில்லை. அறிவிப்புகள் முடிந்ததும் செயலாளர் மைக்கில், "நம்ம சகோதரி ஒரு அறிக்கை வாசிப்பாங்க, சபையார் ஜெபத்தோட கேளுங்க" என்றார்.

அக்கா எழுந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் காலை ஒதுக்கி வழி விட்டேன். நீலப் புடவை கட்டியிருந்தாள், கையில் அந்தத் தாள். முன்னால் போய் நின்று மைக்கை வாங்கி, தாளைப் பிரித்தாள். கண்ணாடியை மாட்டினாள். முதல் வரியில் விரலை வைத்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

"இதுல கீழ எம்பேரு போட்டிருக்கு. ஆனா இது நான் பேசுறது இல்ல. செயலாளர் அண்ணன் பேசுறது. அதனால அண்ணனே வாசிக்கட்டும்."

தாளை அவர் கையில் கொடுத்தாள். அவர் என்ன செய்வது என்று தெரியாமல் வாங்கிக்கொண்டார். அக்கா மைக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இன்னும் ஒரு வாக்கியம் சொன்னாள்.

"எம்மவ டிங்கி காய்ச்சல்ல செத்தா."

அவ்வளவுதான். மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கைப்பையில் போட்டாள். முன்னால் செயலாளர் தாளோடு நின்றார். பின்வரிசையில் ஒரு குழந்தை அழுதது. ஆர்கன் வாசிக்கிற பெண், யாரும் சொல்லாமலேயே, அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டாள்.

கல்லுக்குக் கடிதம் வரவில்லை. அதற்குப் பதில் வேறு ஒரு கடிதம் வந்தது, ஒழுங்கீனம், விளக்கம் தரவேண்டும் என்று. நானும் மாப்பிள்ளையும் அக்காவுமாக ஒரு சனிக்கிழமை கல் வெட்டுகிறவரிடம் போனோம். அவர் வழக்கம்போல ஒரு புத்தகத்தைத் திறந்து, கல்லில் போடுகிற வசனங்களின் பட்டியலைக் காட்டினார். நாற்பது, ஐம்பது இருக்கும்.

"எந்த நம்பர்க்கா வேணும்?"

"நம்பர்லாம் வேணாம். பேரு, பொறந்தது, செத்தது. போதும்."

"வசனம் இல்லாம மொட்டையா இருக்கும்லா அக்கா. கீழ எடம் சும்மா கெடக்கும்."

அக்கா புத்தகத்தை மூடி அவர் பக்கம் தள்ளினாள். "அப்ப 'அம்மா வச்ச கல்லு'ன்னு போடுங்க."

அப்படியே வெட்டிக் கொடுத்தார். மாப்பிள்ளை நண்பருடைய லோரியில் ஏற்றி, பீடோருக்குக் கொண்டுபோய், நாங்களே சிமெண்ட் குழைத்து நட்டோம். கமிட்டியிலிருந்து இதுவரை இரண்டு கடிதம் வந்துவிட்டது, அனுமதியில்லாத கல்லை எடுக்கவேண்டும் என்று. அக்கா இரண்டையும் படித்துவிட்டு மாமாக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். கல் அங்கேயேதான் இருக்கிறது.